ஏழாவது பேர்

காலடிப்பேட்டை எவர்கிரீன் ஹாக்கி கிளப்புக்கு அந்த வருஷம் வந்த கஷ்டம் தோற்றதால் வந்ததல்ல. தோற்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். பன்னிரண்டு அணிகள் ஆடுகிற லீக்கில் பத்தாவதாக வந்ததற்கே மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு தேரடி வரை ஊர்வலம் போனவர்கள். கஷ்டம் ஒரு காகிதத்தில் வந்தது. இனிமேல் ஒவ்வொரு கிளப்பும் போன வருஷத்து ஆட்களில் ஏழு பேரை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களை எந்தக் கிளப் வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று லீக் ஆபீஸ் எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் அந்த ஏழு பேரில் இருந்தால் மட்டும்தான் ஆடலாம். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கலாம் என்று காகிதத்தில் இல்லை. அதை டில்லிபாபு தானாகச் சேர்த்துப் படித்துக்கொண்டான்.

எவர்கிரீனில் முப்பத்தைந்தைத் தாண்டியவன் அவன் ஒருவன்தான். வயது நாற்பத்து நாலு. கேப்டனும் அவனே, செயலாளரும் அவனே, நடுக்களத்தில் சென்டர் ஹாஃப் ஆடுகிறவனும் அவனே. இருபத்திரண்டு வயதில் கிளப்புக்குள் வந்தவன், வந்த நாளிலிருந்து அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நகரவில்லை என்றால் நிஜமாகவே நகரவில்லை. இடது முட்டி மூன்று வருஷத்துக்கு முன்பே அவனைக் கைகழுவிவிட்டது. பந்து அவனைத் தாண்டிப் போனால், திரும்பிப் பார்த்து, “பொசிஷன்ல நிக்கறேன்” என்பான்.

இன்னும் ஒரே ஒரு சீசன் ஆட வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். ஆனால் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எதையுமே வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. வேண்டாம் வேண்டாம் என்பான், எதிரில் இருப்பவர்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, “அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னா பரவால்லீங்க” என்று மூன்று தடவை சொன்னதில், இவனுக்குத்தான் இஷ்டமில்லை போலிருக்கிறது என்று பெண் வீட்டார் காபியை உள்ளே எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். பெண் அன்புக்கரசியே கதவுக்குப் பின்னாலிருந்து, “குடுத்துட்டு வாம்மா, அவரு அப்டித்தான் பேசுவாரு போல” என்று சொன்னதால் அந்தக் கல்யாணம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறி வியாபாரம் முடிந்த பிறகு, தண்டையார்பேட்டையில் மஜீது பாயின் கடையில் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மூன்று பேர். மஜீது பாய் கோச். அறுபத்திரண்டு வயது, அந்தக் காலத்தில் நல்ல ஆட்டக்காரர், இப்போது நல்ல கறிக்கடைக்காரர். இரண்டாவது ஆள் இன்னாசி. ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். அவன் பேரும் ஆட்டக்காரர் பட்டியலில் இருந்தது, ஆனால் ஸ்டிக்கை அவன் பிடித்தது ஆட்டோவில் ஏற்றி இறக்கும்போது மட்டும்தான். மூன்றாவது டில்லிபாபு.

“மொத பேரு உபைதுல்லா,” என்றார் மஜீது பாய். “அதுல பேச்சே கெடையாது. போன வருசம் நம்ம போட்டது பதினாலு கோலு. பதினொண்ணு அவன் போட்டது.”

“மீதி மூணு?” என்றான் இன்னாசி.

“எதிர் பார்ட்டி அவங்களுக்கே போட்டுகினது.”

அடுத்தது கோல் கீப்பர் பீம்ராவ். வியாசர்பாடிக்காரன், பாக்ஸிங் பழகியவன். பந்தைக் காலால் தடுக்க வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லியும் குத்தித்தான் தடுப்பான். விசில் ஊதி ஊதி அம்பயர்கள்தான் களைத்துப் போனார்கள். இருந்தாலும் அவன் நிற்கிற கோலுக்கு முன்னால் எதிர் ஆட்கள் வர யோசிப்பார்கள் என்பதால் அவன் பேரும் தேறியது. மூன்றாவது உதயா. வள்ளூரில் அனல்மின் நிலையத்தில் வேலை. பெனால்டி கார்னர் அடித்தால் கோல் கம்பம் அதிரும், ஆனால் ஷிப்ட் இருந்தால் வர மாட்டான். “ஷிப்ட் இல்லாத அன்னிக்கு அவன் சாமி. ஷிப்ட் கீற அன்னிக்கு சாமி படம்,” என்று இன்னாசி ஆதரித்தான்.

நாலாவதும் ஐந்தாவதும் இரட்டைப் பிள்ளைகள். ஒருத்தன் செய்த தப்புக்கு அம்பயர் இன்னொருத்தனை வெளியே அனுப்புவார், தப்பு செய்தவன் உள்ளேயே ஆடிக்கொண்டிருப்பான். இப்படி ஒரு வசதி எந்தக் கிளப்பிலும் இல்லை. ஆறாவது கெங்கம்மாவின் மகன். சுமாராக ஆடுவான். ஆனால் கெங்கம்மாதான் கார்ப்பரேஷன் மைதானத்தில் வேலை செய்கிறாள், கேட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. மகனை விட்டுவிட்டால் எவர்கிரீன் சுவர் ஏறித்தான் பிராக்டீஸுக்குப் போக வேண்டும்.

“ஆறு ஆச்சி,” என்றார் மஜீது பாய். பிறகு கத்தியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே ஒரு தடவை துடைத்த கத்திதான்.

ஏழாவது பேருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் டில்லிபாபு. இன்னொருவன் பரசுராமன். இருபத்தாறு வயது, காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை. அவனும் சென்டர் ஹாஃப். டில்லிபாபு ஆடுவதால் இரண்டு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறான். “உனுக்கும் நேரம் வரும்டா” என்று டில்லிபாபு மாதத்துக்கு ஒரு தடவை அவன் தோளைத் தட்டுவான்.

என் பேரை யாராவது சொல்லுங்களேன் என்று டில்லிபாபுவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னாசி தெருவில் போன நாயைப் பார்த்தான். மஜீது பாய் கத்தியைப் பார்த்தார். டில்லிபாபுவுக்குச் சுருக்கென்றது. சரி, நாமே ஒதுங்கிக்கொள்வதாகக் காட்டினால் இவர்கள் பதறிப்போய்த் தடுப்பார்கள் என்று கணக்குப் போட்டான். கிளப்பின் பதினெட்டு பேரையும் எழுதச் சொல்லிப் பதினெட்டு வரிகள் போட்ட லீக் ஆபீஸ் படிவத்தை எடுத்து, முதல் வரியில் தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசையில் நகர்த்தி வைத்தான்.

மஜீது பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இன்னாசியும் எட்டிப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எழுதிட்டியா,” என்றார் மஜீது பாய். “சரி. அப்டியே இருக்கட்டும்.”

“கையெழுத்து சோக்கா கீது,” என்றான் இன்னாசி.

மஜீது பாய் அடியில் கோச் கையெழுத்தைப் போட்டு, மீதியை நீயே எழுதிக்கொள் என்று கொடுத்துவிட்டார். டீ வந்தது. டில்லிபாபு குடித்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு ‘ஐயோ’ கூட இல்லையா என்று பஸ்ஸில் போகும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னலைச் சாத்தினார். தூசி என்று நினைத்திருக்கிறார்.

இங்கே டில்லிபாபுவின் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறவன் அவன். பத்தொன்பது வருஷ அனுபவம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளில், முதலில் வெளியே போக வேண்டியது உச்சியில் இருக்க வேண்டும், நாள்கணக்கில் கிடக்க வேண்டியது அடியில் இருக்க வேண்டும். லிஸ்ட்டையும் அப்படியே எழுதுவான். முதல் வரியில் உள்ளது முதலில் வெளியேறும். கடைசி வரியில் உள்ளதை யாராலும் அசைக்க முடியாது. யார்டில் உள்ள டிரைவர் முதல் கேட் செக்யூரிட்டி வரை எல்லோருக்கும் இந்த முறை அத்துப்படி. உலகத்தில் மற்றவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள் என்று டில்லிபாபுவுக்கு இத்தனை வருஷத்தில் தோன்றியதே இல்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் படிவத்தைப் பூர்த்தி செய்தான். உச்சியில் தான், முதலில் வெளியே போக வேண்டியவன். இரண்டாவது தமீம். அம்பயரின் விசிலைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டதற்காக அடுத்த சீசனில் மூன்று மேட்ச் ஆடத் தடை வாங்கியவன். மூன்றாவது இன்னாசி. லிஸ்ட்டில் இல்லாவிட்டாலும் ஆட்டோ ஓடும். நாலாவது மாற்றுக் கோல் கீப்பர் பக்ருதீன், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன். ஐந்தாவது குவைத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆன ஒருவன், பேரை எடுக்க மறந்திருந்தார்கள். ஆறாவது காலில் மாவுக்கட்டோடு இருந்தவன். ஏழாவது, சீசன் தொடங்குகிற அன்றைக்கே முகூர்த்தம் வைத்திருந்தவன். இப்படியே இறங்கிப் போய், பரசுராமன் பன்னிரண்டாவது வரிக்கு வந்தான். அவனுக்கும் கீழே, பத்திரமான அடித்தட்டில், நல்ல ஆட்கள் ஆறு பேர். பதினெட்டாவது வரியில், எவராலும் அசைக்க முடியாத இடத்தில், உபைதுல்லா.

எழுதி முடித்ததும் அவனுக்கே ஒரு பெருமிதம் வந்தது. என்னை வேண்டாம் என்றவர்களுக்கு எவ்வளவு நல்ல அணியை அடுக்கிக் கொடுத்துவிட்டேன் என்று. சாயங்காலம் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்த லீக் ஆபீஸுக்குப் போய், கவுன்டரில் ரூஹி என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தான். ரூஹி எல்லாக் கிளப்புக்கும் செய்த மாதிரியே, ஏழாவது பேருக்கு அடியில் ஸ்கேல் வைத்து ஒரு சிவப்புக் கோடு போட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ‘எவர்கிரீன் சிங்கங்கள்’ வாட்ஸ்அப் குரூப்பில் லிஸ்ட் வந்து விழுந்தது. எவர்கிரீன் தக்கவைத்துக்கொண்டவர்கள்: டில்லிபாபு, தமீம், இன்னாசி, பக்ருதீன், குவைத், மாவுக்கட்டு, மாப்பிள்ளை. மற்ற பதினோரு பேரையும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பத்து நிமிஷத்தில் உபைதுல்லாவின் குரல் வந்தது. “டில்லிண்ணா, நா பதினோரு கோல் போட்டேன். இன்னாசிண்ணா இன்னா போட்டாரு?”

இன்னாசிக்கு ரோஷம் வந்துவிட்டது. “உன்னிய கிரவுண்டாண்ட டிராப் போட்டேன்டா, நூறு தபா” என்று பதில் போட்டான். இரட்டைப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். குவைத்திலிருந்து ஒரு குரல் உணர்ச்சிவசப்பட்டு, “ரெண்டு வருசம் ஆயும் என்னிய மறக்கலியேடா, லீவு கேட்டுகினு வந்துடட்டா?” என்றது. கெங்கம்மாவிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. அன்று சாயங்காலமே மைதானத்துக் கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது.

பீம்ராவ் மட்டும் மெசேஜ் போடாமல் வியாசர்பாடியிலிருந்து நேராகப் பைக்கில் யார்டுக்கே வந்தான். உடம்பைப் பார்த்ததும் செக்யூரிட்டி கேட்டைச் சாத்தினார். டில்லிபாபு பயந்துகொண்டே வெளியே வந்தான். பீம்ராவ் அடிக்கவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“நா குத்தறது புடிக்கலன்னா சொல்லிருக்கலாம்லண்ணா. கண்ண மூடிக்கற பக்ரு ஒசத்தி, நா மட்டமா?”

டில்லிபாபுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடியில் வைத்தவர்களை எல்லாம் லீக் ஆபீஸ் ஏன் வெளியே தள்ளியது என்று குழம்பினான். அந்த ஆபீஸ் பெண்தான் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டாள் என்று முடிவு கட்டினான். மஜீது பாய்க்கு எட்டு தடவை போன் போட்டான். அவர் எடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொல்லி, படிவத்தைப் போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் காட்டினான். அன்புக்கரசி அதை ஒரு தடவைதான் பார்த்தாள்.

“இது யார்டு லிஸ்ட்டுய்யா,” என்றாள். “நல்ல ஆள மேல எழுதணும். நீ வெளிய போறவன மேல எழுதிக்கீற.”

“அதான முறை?”

“உனுக்கு முறை. திருப்பதிக்குப் போறப்ப, பத்திரமா இருக்கட்டும்னு டிக்கெட்ட பொட்டிக்கு அடியில வெச்ச ஆளு தான நீ? பிளாட்பாரத்துல என் பொடவ மொத்தத்தையும் பரத்திப் போட்டு எடுத்தியே.”

டில்லிபாபு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இருபத்திரண்டு வருஷமாகப் பந்தால் செய்ய முடியாததை ஒரு பேனாவால் செய்து, கிளப்பையே கவிழ்த்துவிட்டோம் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

“அது சரி,” என்றாள் அன்புக்கரசி. “மொத பேரா உன் பேர எழுதிக்கீற. அப்ப நீ ஆடலன்னு எழுதினியா? ஆடணும்னு தான ராத்திரி எல்லாம் முட்டிக்கு எண்ண தேச்சிகினு கெடந்த?”

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அவள் விடவில்லை. நாளைக்கு அரை நாள் லீவு போட்டு, பாய் வாயாலேயே கேட்டுவிட்டு வா என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மஜீது பாய் கடையில் அவர் இவனைப் பார்த்த பார்வையிலேயே கறி வெட்டலாம் போலிருந்தது. டில்லிபாபு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மேலே இருப்பது வெளியே போகும், அடியில் இருப்பது தங்கும், அப்படித்தான் எழுதினேன் என்று. மஜீது பாயின் கத்தி பாதியில் நின்றது.

“இரு இரு. அப்ப மொத பேரு உன்னுது.”

“ஆமா பாய்.”

“நீ வெளிய போறேன்னு எழுதினியா?”

“பின்ன இன்னா?”

“அட கிறுக்கா,” என்றார் மஜீது பாய். “நீ உன்னிய மொத எடத்துல வெச்சுகினன்னு நா நெனச்சேன். இன்னாசியும் அப்டித்தான் நெனச்சான். நீ போனப்பறம் உபைது இருக்கறப்ப இவன் மொத ஆளான்னு அவன் வயித்தப் புடிச்சிகினு சிரிச்சான். நாதான் உட்றான்னேன். இருவத்திரெண்டு வருசம் ஆடினவன், மொத எழுதினா இன்னா, கடைசில எழுதினா இன்னா. ஏழாவது எடம் எப்டியும் உனுக்குத்தான்னு நாங்க முன்னாலயே பேசி வெச்சிருந்தோம். அத்த எப்டி சொல்றதுன்னுதான் கத்தியத் தொடச்சிகினு இருந்தேன்.”

டில்லிபாபு வெட்டுக்கட்டையின் மேலேயே உட்கார்ந்தான். நாலு நாளாக இந்த இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டாத திட்டில்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“சந்தோசப்படாத,” என்றார் மஜீது பாய். “அது ஞாயித்துக்கெழமை. திங்கக்கெழமை பரசு வந்தான். நேரா கேட்டான். எனுக்கு ஆடணும் பாய், ஏழாவது எடத்த எனுக்குக் குடுங்கன்னான். அவன் கேட்டான். நீ கேக்கல.”

திருத்தம் கொடுக்க அன்றைக்கு ஐந்து மணி வரை நேரம் இருந்தது. கேப்டனும் கோச்சும் நேரில் வந்து புதிய லிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரூஹி போனில் சொன்னாள். பரசு எதிரிலேயே முடிவு பண்ணலாம் என்று மஜீது பாய் கடையைச் சாத்தினார். இன்னாசி ஆட்டோவை எடுத்தான். காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வாசலில் பரசுராமனை ஏற்றிக்கொண்டு ராயபுரம் பக்கம் திரும்பும்போது மணி நாலே கால். அங்கேயே வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை.

“இன்னிக்கு இன்னாத்துக்கு இத்தினி வண்டி?” என்று இன்னாசி அலுத்துக்கொண்டான்.

டில்லிபாபு பெட்டிகளின் நம்பரைப் படித்தான். காலையில் லீவுக்குக் கிளம்புகிற அவசரத்தில், இரண்டு நாள் சரக்கை ஒரே நாளில் வெளியே அனுப்பச் சொல்லி லிஸ்ட் எழுதிவிட்டு வந்தது அவன்தான். அதைச் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டான். நாலரை மணிக்கு நாலு பேரும் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடினார்கள். பரசுராமன் முன்னால், மஜீது பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டாவது, இன்னாசி மூன்றாவது. டில்லிபாபு கடைசி. அறுபத்திரண்டு வயதுக்காரர் தன்னை முந்திப் போகிறார் என்பதை அவன் கவனிக்காமல் இல்லை.

கவுன்டரில் ரூஹி புதுப் படிவத்தை நீட்டினாள்.

“அந்த லிஸ்ட்டப் பாத்தப்ப உனுக்கு சந்தேகமே வரலியாம்மா?” என்றார் மஜீது பாய் மூச்சு வாங்கிக்கொண்டே.

“வந்திச்சி பாய். குவைத்ல கீற ஆள வெச்சிக்கறாங்களேன்னு பாத்தேன். அப்பால எவர்கிரீன் தான, அப்டித்தான் இருக்கும்னு உட்டுட்டேன்.”

மஜீது பாய் ஆறு பேரையும் தன் கையால் எழுதினார். உபைதுல்லா உச்சியில். கெங்கம்மாவின் மகன் ஆறாவது. பிறகு பேனாவை டில்லிபாபுவிடம் கொடுத்தார்.

“ஏழாவது நீ எழுது. ஆனா இந்த தபா வாயத் தொறந்து சொல்லிட்டு எழுது. நாங்க யாரும் புடிச்சி இழுக்க மாட்டோம்.”

டில்லிபாபு பரசுராமனைப் பார்த்தான். ஓடி வந்தும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. பரசுவே இருக்கட்டும் என்ற வார்த்தை டில்லிபாபுவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் எல்லோரும் பெரிய மனசு என்பார்கள். இன்னாசி இரண்டு தெருவுக்குச் சொல்லிக்கொண்டு போவான். அதோடு முடிந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கலாம். இந்தத் தடவை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

“அண்ணா, அஞ்சு ஆவ மூணு நிமிசம் கீது,” என்றாள் ரூஹி.

“எனுக்கு ஆடணும் பாய்,” என்றான் டில்லிபாபு. குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “பரசு என்னிய வுட நல்லா ஆடுவான். அது எனுக்குத் தெரியும். ரெண்டு வருசமா தெரியும். முட்டியும் பூட்ச்சி. ஆனா எனுக்கு இன்னும் ஒரு வருசம் ஆடணும்.”

சொல்லிவிட்டு, ஏழாவது வரியில் தன் பேரை எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. இன்னாசி இந்தத் தடவை கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரூஹி முத்திரையைக் குத்தி உள்ளே வைத்தாள்.

படி இறங்கும்போது பரசுராமன்தான் முதலில் பேசினான்.

“இத்த என்கிட்ட முன்னாலயே சொல்லிருக்கலாம்ணா. உனுக்கும் நேரம் வரும், நேரம் வரும்னு சொன்ன. நானும் நம்பிகினு பாட்டில் தூக்கிகினு இருந்தேன்.”

“தப்புதான்டா,” என்றான் டில்லிபாபு. “நீ இங்கயே திரும்ப வந்து சேர்ந்துக்கலாம். லிஸ்ட்ல இல்லாதவங்களையும் கூப்டலாம்.”

“வந்து? நீ ஆடுவ, நா குந்திகினு இருப்பேன். வேணாம்ணா. ராயபுரம் ரேஞ்சர்ஸ்ல நேத்தே கூப்ட்டாங்க. போறேன்.” கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்கிற மாதிரிச் சொன்னான். அதுதான் டில்லிபாபுவை இன்னும் குத்தியது.

சீசன் தொடங்கியது. முதல் மேட்ச்சே ராயபுரம் ரேஞ்சர்ஸோடு. உதயாவுக்கு ஷிப்ட். தமீம் தடையில் இருந்ததால் கம்பி வேலிக்கு வெளியே நின்று அம்பயரைத் திட்டினான். இன்னாசி ஆட்டோவில் தூங்கினான். அன்புக்கரசி கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மேட்ச் பார்க்க வந்து, நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ரேஞ்சர்ஸுக்குச் சென்டர் ஹாஃப் பரசுராமன். பத்தாவது நிமிஷத்தில் டில்லிபாபுவை இடப்பக்கமாகத் தாண்டிப் போனான், கோல். இருபதாவது நிமிஷத்தில் வலப்பக்கமாகத் தாண்டிப் போனான், கோல். பாதி ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தள்ளிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் எடுத்துக்கொண்டான். பீம்ராவ் அந்தப் பந்தைக் குத்திப் பார்த்தான், அது குத்தோடு சேர்ந்து உள்ளே போனது. மூன்று கோல். மைதானத்தில் எல்லோரும் சிரித்தார்கள், கெங்கம்மா உட்பட.

இடைவேளையில் டில்லிபாபு கோட்டோரமாக மல்லாந்து கிடந்தான். முட்டி வீங்கியிருந்தது. மஜீது பாய் குனிந்து, ரொம்ப மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டார்.

“டில்லி, போதுமா? மாத்திடட்டா?”

போதும் பாய், வேற யாராவது ஆடட்டும் என்று சொல்லத்தான் இருபத்திரண்டு வருஷமாக அவன் வாய் பழகியிருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“மாத்தாத பாய்,” என்றான். “இன்னும் ஆடறேன்.”

இரண்டாவது பாதி தொடங்கிய மூன்றாவது நிமிஷம் பரசுராமன் மறுபடியும் பந்தோடு வந்தான், மறுபடியும் தாண்டினான். டில்லிபாபு பொசிஷனில் நிற்கவில்லை. திரும்பி, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பிடிக்க முடியாது என்று நன்றாகத் தெரிந்தும் அவன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஓடினான். ஓடும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாலாவது கோலும் விழுந்தது.